கடலோரத்தில் எந்த மடிக்கணினி வாங்கலாம்?

ராமேஸ்வரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் குறைந்த விலை மடிக்கணினி தேடுகிறீர்களா? முதலில் காற்றை நினையுங்கள்.

ஏன் காற்று?

பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கும் கடற்காற்றின் உப்புத்தான் கணினியையும் அரிக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைகிறது. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். கணினியின் மின்பலகையில் உள்ள செம்புத் தடங்களை அரிக்கும். மின்விசிறி உள்ள கணினி இந்தக் காற்றை ஓயாமல் உள்ளே இழுக்கிறது. எனவே மின்விசிறி இல்லாத சிறு கணினியே இங்கு நல்லது. வேலை முடிந்து சூடு ஆறியதும், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

எவ்வளவு நினைவகம்?

வீடியோ அழைப்புக்கும் பிரவுசருக்கும் சேர்த்து 8 ஜிபி ராம் வேண்டும். மலிவுக் கணினிகளின் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் பெரும்பாலும் மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பழுதானால் மாற்றுவது கடினம். கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி உள்ளதையே கேளுங்கள்.

எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் தேவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே விண்டோஸ் 11 ஓடாத பழைய கணினிக்கு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் பொருந்தும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசமே. ஆனால் உங்கள் நிறுவனத்தின் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.