கல்சுபாய்: கீழேயே போட வேண்டிய கணக்கு

தொட்டபெட்டாவைப் பார்த்த தமிழருக்கு மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். அது 2,637 மீட்டர். கல்சுபாய் 1,646 மீட்டர்தான். ஆனால் தொட்டபெட்டா உச்சிக்குக் கார் போகும். இங்கே பாரி கிராமத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. பிறகு வயல், படிகள், செங்குத்துப் பாறைகளில் இரும்பு ஏணிகள். உச்சியில் கல்சுபாய் அம்மனின் சின்னஞ்சிறு கோயில்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கிருந்து கிளம்பினாலும் தாதரிலோ குர்லாவிலோ கசாரா லோக்கலைப் பிடிக்கலாம். கசாராவிலிருந்து இகத்புரி, கோட்டி வழியாக பாரிக்கு வண்டி. கசாரா லோக்கல்கள் அடிக்கடி கிடையாது. திரும்பும் ரயிலைக் குறித்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.

மழைக்கால ஞாயிறுகளில் ஏணிகளின் அடியில் சினிமா தியேட்டர் போல வரிசை. பாறை வழுக்கும், மூடுபனி வழியை மறைக்கும், மின்னல் வேளையில் இரும்பைப் பிடித்து நிற்பது ஆபத்து. நவராத்திரியிலும் கூட்டம்தான். அமைதி வேண்டுவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு வாரநாளில், உள்ளூர் வழிகாட்டியோடு ஏறலாம். கோடையில் புல் காய்ந்துகிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்டதை மறக்க முடியுமா?

ஏற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். விபத்துகளுக்கு வாய்ப்பு அதிகம் களைத்த கால்களோடு இறங்கும்போதுதான். எனவே விடியற்காலையில் புறப்பட்டு, பகல் 12 மணிக்குள் உச்சி எட்டாவிட்டால் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், டார்ச், பிடிமானமுள்ள காலணி கட்டாயம். எந்த ரயிலில் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள், "கோயிலுக்குத்தானே?" என்று மாமியார் கேட்டாலும்.