கருந்துளைக்குத் தீனி போடுவது யார்?

அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது 'கருந்துளை' என்கிற சொல்லைத் தாராளமாகவே கையாள்கிறோம். பக்கத்தில் வருவதையெல்லாம் சும்மா உறிஞ்சிக்கொள்கிற மையம் என்பதாக அர்த்தம். இயற்பியல் சொல்வது வேறு.

கருந்துளையைச் சுற்றும் வாயு தானாக உள்ளே விழுந்துவிடாது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள், மலை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் பாதையோடுதான் போகிறார்கள். வாயுவும் அப்படித்தான் சுற்றும். ஆனால் உள்சுற்றில் வேகம் அதிகம், வெளிச்சுற்றில் குறைவு. தட்டையாகச் சுழலும் இந்த வாயுவைத் திரள்வட்டு என்கிறார்கள். தன் கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் முதலை, இன்னொன்றுக்குக் கைமாற்றினால்தான் வாயு உள்ளே இறங்க முடியும். சாதாரண உராய்வு இதற்குப் போதவே போதாது. 1973இல் ஷகுராவும் சுன்யாயெவும், வட்டில் ஏதோ கொந்தளிப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை 'ஆல்பா' என்ற ஒற்றை எழுத்தில் அடக்கிக் கணக்குப் போட்டார்கள். கொந்தளிப்பு எங்கிருந்து வந்தது?

விடை ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. உள்ளே வேகம் கூடுதலாகச் சுழலும் திரவத்தில் பலவீனமான காந்தப்புலம் இருந்தாலே ஓட்டம் நிலைகுலையும் என்பதை 1959இல் சோவியத் யூனியனில் வெலிகோவும், 1960இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோவில் பணியாற்றிய சந்திரசேகரும் காட்டியிருந்தார்கள். அது திரள்வட்டுக்கும் பொருந்தும் என்று பால்பஸும் ஹாலியும் எழுத 1991 ஆயிற்று. காந்தப்புலம் இரண்டு வாயுத் துணுக்குகளை ரப்பர் மாதிரி இணைக்கிறது. முந்தி ஓடும் உள்துணுக்கைப் பின்னிழுக்கிறது. அது உந்தத்தை இழந்து மேலும் உள்ளே போகிறது. வெளித்துணுக்கு அதைப் பெற்று விலகுகிறது. ரப்பர் இன்னும் இழுபடுகிறது, குலைவு வளர்கிறது.

இறங்கும் வாயு சூடேறி எக்ஸ் கதிர்களாக எரிகிறது. அதுவும் சீராக இல்லை. 1992இல் கண்டறியப்பட்ட ஜிஆர்எஸ் 1915+105 சில சமயம் சுமார் ஒரு நிமிட இடைவெளியில் இதயம் மாதிரித் துடித்தது. 1996இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளின் இந்தியக் கருவியும் அதன் வெடிப்புகளைப் பதிவுசெய்தது. பெல்லோனியும் சகாக்களும் 2000இல் அதன் ஏற்ற இறக்கங்களை 12 வகைகளாகப் பிரித்தார்கள். உள்வட்டு நிரம்பி, கதிர்வீச்சின் அழுத்தம் தாங்காமல் காலியாகி, மறுபடி நிரம்புகிறது என்பது ஒரு விளக்கம்.

ஆக, நமக்குத் தெரிகிற வெளிச்சம் கருந்துளையுடையது அல்ல, வட்டின் தடுமாற்றத்தினுடையது. உருவகம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்தே எழுதுவோம்: மையம் தனியாக எதையும் விழுங்குவதில்லை. சுற்றியிருப்பவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதில்தான் அதற்குத் தீனி கிடைக்கிறது.