சயாம் மரண ரயில்: ஏட்டில் ஏறாத பெயர்கள்

போர் கடந்தவர்கள் – 11

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் போயிற்று. அங்கே நின்ற ஜப்பானியப் படைக்கு அரிசியும் ஆயுதமும் போய்ச் சேர வேண்டும். கடல் வழியிலோ நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, காட்டையும் மலையையும் பிளந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தாவில் இணைந்தன. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் முடிந்த வேலை அது. அந்த அவசரத்துக்கான விலையை வேலை செய்தவர்கள் உயிராகக் கொடுத்தார்கள்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தார்கள்: தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். இவர்களில் மாண்டவர்களை 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். கைதிகளின் சாவுக்குக் கணக்கு இருக்கிறது; தொழிலாளர்களின் சாவுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது. இந்த வாரம் நான் சொல்ல வருவது அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

கைதிகளின் நினைவுகள் எப்படித் தப்பின என்று முதலில் பார்ப்போம். ஆஸ்திரேலிய மருத்துவர் 'வியரி' டன்லப் முகாமில் நாட்குறிப்பு எழுதினார். அது 1986-ல் புத்தகமாக வந்தது. ஓவியர் ரொனால்ட் சேர்ல், தாம் கண்டதையெல்லாம் கிடைத்த தாளில் வரைந்து, காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். காவலர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஜாக் சாக்கர் தம் ஓவியங்களை மூங்கிலுக்குள் செருகி மறைத்தார். பிடிபட்டால் அடி உதைதான். ஆனாலும் எழுதினார்கள், வரைந்தார்கள். மூங்கில் குழலையும் ஸ்டெதஸ்கோப் ரப்பரையும் கொண்டு உப்பு நீர் ஏற்றிக் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது, அழுகிய காலின் புண்ணைக் கரண்டியால் சுரண்டியது, கோன்யூ மலையில் இரவெல்லாம் தீவெளிச்சத்தில் பாறை உடைத்தது எல்லாமே இத்தகைய தாள்களால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன.

1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து 'எஃப்' அணி என்ற பெயரில் 7,000 பேரைச் சயாமுக்கு அனுப்பினார்கள். அடைத்த சரக்கு வண்டிகளில் பான்போங்குக்கு வந்து, அங்கிருந்து மழையில், இரவு இரவாக, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த 7,000 பேரில் சுமார் 3,100 பேர் இறந்தார்கள். இந்த எண்ணிக்கையை இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், பட்டினியிலும் அவர்களுடைய அதிகாரிகள் பெயர்ப்பட்டியலைக் கைவிடவில்லை என்பதே. யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று எழுதிப் பத்திரப்படுத்தினார்கள்.

அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு 1945 செப்டம்பரில் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. 144 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர் மயானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் உறங்குகிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது.

நம் ஆட்களின் கதை இப்படி அமையவில்லை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லாமல், அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி, சாப்பாடு, தங்க இடம் என்று சொன்னதும் பலர் தாமாகவே கிளம்பினார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு. போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. பிறகு யாரும் போக முன்வராதபோது ஆள்பிடிக்கத் தொடங்கினார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்கு வரவழைத்து, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றிய கதையை மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள்.

காட்டில் அவர்களுக்கு என்று மருத்துவர் அநேகமாகக் கிடையாது. காலரா பரவியபோது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும் ஆள் இல்லை. முகாம் முகாமாகச் செத்தார்கள். 1943-ன் நடுவில்தான் 'கே', 'எல்' அணிகள் என்ற பெயர்களில் போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாம்களின் நிலையை உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அவர்கள் எழுதி வைத்ததால்தான். நம்மவர் பட்ட பாட்டை நாம் வெள்ளைக்காரக் கைதியின் நினைவிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

கூலிக்காரனுக்குப் படையில் எண் கிடையாது. அவன் பெயரை மாலையில் கூப்பிட்டுப் பார்க்கும் அதிகாரி கிடையாது. எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவருக்கும் தாள் ஏது? போர் முடிந்ததும் கைதிகளிடம் வாக்குமூலம் வாங்க அவரவர் அரசுகள் வந்தன. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழரிடம் அப்படிப் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. அவர் மறுநாளே பால்வெட்டப் போனார். இலங்கையின் கித்துல்கலையில் எடுத்து 1957-ல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படம் இந்த ரயில் பாதையை உலகறியச் செய்தது. அதுவும் போர்க்கைதிகளின் கதைதான். தோட்டத் தமிழரின் கதைக்கு அதில் இடமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் அதை 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார். நம் மொழியில் அந்தக் காடு இப்படியும் பதிவானது.

மலேசியாவில் உறவுள்ள வாசகர்கள் பலர் இந்தத் தொடரைப் படிப்பீர்கள். உங்கள் குடும்பத்தில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பினாரா, திரும்பி வந்து என்ன சொன்னார் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு, சொல்கிற குரலையே பதிவு செய்து வையுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லை என்றாலும் பரவாயில்லை. போனவரின் பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயதுக்கு மேல். 12,000 கைதிகளுக்கு அவர்களுடைய தோழர்கள் செய்த கடமையை நம்மவருக்கு இனி நாம்தான் செய்ய வேண்டும்.

1945-ல் கல்லறை தேடிய அந்தக் குழுவோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் போனார். பெயர் நாகாசே தகாஷி. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் காஞ்சனபுரியில் ஒரு பிரிட்டிஷ் கைதியைச் சித்திரவதை செய்தபோது உடனிருந்து மொழிபெயர்த்தவரும் அவர்தான். அவ்விருவரும் 1993-ல் நேருக்கு நேர் சந்தித்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)