பிழையான விடையும் பிள்ளையின் நியாயமும்

ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் 35 என்று எழுதுவதைத் தொடக்கப்பள்ளி உபாத்தியாயர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். அதன்மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. ஆனால் அந்த 35 எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தால், கவனக்குறைவோ சோம்பலோ அதற்குக் காரணமன்று என்பது விளங்கும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்ததை மறவாத அந்தப் பிள்ளை, ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து என்றும், ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று என்றும் ஒழுங்காகவே கணக்கிட்டிருக்கிறது. தான் அறிந்த விதியை, அது செல்லாத இடத்தில், அப்பழுக்கின்றிப் பிரயோகித்திருக்கிறது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பிள்ளைகள் கழித்தல் கணக்கில் செய்யும் பிழைகளைக் கம்ப்யூட்டரின் துணையால் வகைப்படுத்தி 1978-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாறுமாறாகத் தோன்றும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டென்றும், அந்த ஒழுங்கைக் கண்டுகொண்டால் அதே பிள்ளை வேறொரு கணக்கில் என்ன தப்பு விடை எழுதும் என்பதைக்கூட முன்னதாகவே சொல்லிவிடலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். பிள்ளைகளோடு நெடுநாள் பழகிய நல்லாசிரியர்கள் இதை அனுபவத்தால் முன்பே அறிந்திருப்பார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இத்தகைய பிழைகளுள் பலவற்றுக்கு மூலம் இடமதிப்பு என்னும் விஷயம் மனத்தில் பதியாமையே ஆகும். 52 என்பதில் உள்ள ஐந்து, ஐந்தன்று, ஐம்பது. தான் நிற்கும் இடத்தினாலேயே அது பத்து மடங்கு மதிப்புப் பெறுகிறது. பெரியவர்களுக்கு இது பிரத்தியட்சமாகத் தோன்றலாம். ஆயினும் நம் முன்னோர் கல்வெட்டிலும் ஏட்டிலும் எண்களை எழுதிய பழைய முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன என்பதை நினைவுகூர வேண்டும். அம்முறைப்படி நூற்றைந்தை எழுத, நூற்றின் குறியையும் ஐந்தின் குறியையும் அடுத்தடுத்து ௱௫ என்று இட்டால் போதும். நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதிவிட்டு அடிவாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர்! முதலில் நூறு, பிறகு ஐந்து என்று, அறிவிற் சிறந்த கணக்கர்கள் பல நூற்றாண்டுக் காலம் கைக்கொண்ட நியாயத்தையே அந்தப் பிள்ளைகளும் கைக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இடமதிப்பை வாயால் சொல்லிப் புரியவைக்க முயல்வதைவிடக் கையில் கொடுத்துவிடுவதே உத்தமம். பத்துப் பத்து ஈர்க்குச்சிகளாகக் கட்டி ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் கொடுத்து, இருபத்தேழு குச்சிகளை எடுத்துத் தரும்படி கேட்டால், இரண்டு கட்டுகளை உடனே நீட்டிவிட்டு ஏழு உதிரிக்குத் திகைக்கும் பிள்ளை, யாரும் சொல்லாமலே இன்னொரு கட்டை அவிழ்ப்பதைக் காணலாம். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று பலகையில் எழுதிப் பலமுறை சொல்லியும் ஏறாத காரியம், அந்த ஒரு முடிச்சை அவிழ்க்கையில் ஏறிவிடுகிறது. 1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் இதே தத்துவந்தான் விளங்குகிறது: ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து மணிகள், நூற்றுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். ஆயிரம் என்பது ஒன்றைவிட எவ்வளவு பெரிது என்பதைப் பிள்ளை தூக்கிப் பார்த்தே அறிந்துகொள்கிறது.

இதனால் மனப்பாடத்தை நான் இகழ்வதாக எண்ணிவிடலாகாது. திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடுகள் அடங்கிய எண்சுவடியும் நெல்லளவைகளைச் சொல்லும் நெல்லிலக்கமும் உரக்கப் பாடம் சொல்லி மனனம் செய்விக்கப்பட்டன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்பதுவரை பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். ஆனால் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று ஒப்பித்த பிள்ளை களத்துமேட்டில் அந்தக் குறுணியை அளக்கும் மரக்கால் நிரம்புவதைக் கண்ணாரக் கண்டிருந்தது. எண்சுவடிக்குப் பின்னால் அப்போது நெல் இருந்தது. வாய்ப்பாடு இன்றும் வேண்டியதே. பெருக்கலும் வகுத்தலும் தடையின்றி ஓட அது இன்றியமையாதது. அதற்குப் பின்னால் எதை வைக்கப்போகிறோம் என்பதே கேள்வி.

குச்சிக் கட்டுகளைப் பல பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். அவை அவசியம் வேண்டிய கணக்கு அதற்குப் பிறகே வருகிறது. 305-லிருந்து 128-ஐக் கழிக்க முற்படும் பிள்ளை, பத்துகளின் இடத்தில் சுழியைக் கண்டு, கடன் கொடுப்பார் ஒருவரும் இல்லாமல் நின்றுவிடுகிறது. மூன்று நூற்றுக் கட்டுகளும் ஐந்து குச்சிகளும் அதன் முன்னே இருக்குமானால், ஒரு நூற்றுக் கட்டை அவிழ்த்துப் பத்துச் சிறு கட்டுகளாக்கி, அவற்றுள் ஒன்றை மறுபடி அவிழ்த்து, இரண்டு நூறும் ஒன்பது பத்தும் பதினைந்து ஒன்றும் தன்னிடம் இருப்பதைத் தானே எண்ணிப் பார்த்துவிட்டு, 177 என்று எழுதும்.