உங்களுக்குத் தெரியுமா? வரி தாண்டித் தேடும் பெர்ல்

★ வலைப்பக்கக் கோப்பு ஒன்றில் <!-- என்று தொடங்கும் குறிப்பு, நாலு வரி தள்ளி --> என்று முடிகிறது. அதை அழிக்கப் பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, குறிப்பும் போகாது. பெர்ல் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் கையில் எடுக்கும். தொடக்கம் இருக்கும்போது முடிவு அங்கே இருக்காது.

★ மருந்து, கட்டளையில் சேர்க்கும் -0777 என்ற சுவிட்ச். பூஜ்யத்துக்குப் பின்னால் வருவது, வரி எந்த எழுத்தில் முடிகிறது என்று சொல்லும் எண். எட்டை அடிமானமாகக் கொண்டது. ஒரு பைட்டில் அடங்கும் பெரிய எண் 0377, அதாவது 255. 0777 என்றொரு பைட் கோப்பில் இருக்கவே முடியாது என்பதால் மொத்தமும் ஒரே ‘வரி’யாக உள்ளே வந்துவிடுகிறது. 0400 கொடுத்தாலும் இதே கதைதான். 0777 வெறும் வழக்கம். 2022-ல் வந்த 5.36 பதிப்பிலிருந்து ‘-ஜி’ என்றாலே போதும்.

★ அப்புறமும் வேலை நடக்காது! தேடும் வடிவத்தில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், வரிமுறிவைத் தவிர. அதையும் சேர்க்க ‘எஸ்’ என்ற குறி வேண்டும். பல வரி என்றதும் ‘எம்’ குறியைப் போடுகிறவர்கள் ஏராளம். அது ^, $ இரண்டையும் ஒவ்வொரு வரியின் முனையிலும் பொருந்த வைக்கும், அவ்வளவே.

★ .* பேராசைக்காரன். முதல் <!-- தொடங்கி, கோப்பின் கடைசி --> வரை இடையில் இருக்கும் நல்ல பத்திகளையும் விழுங்கிவிடும். .*? என்று ஒரு கேள்விக்குறி போட்டால் முதல் முடிவிலேயே நின்றுவிடும்.

★ கோப்பிலேயே மாற்றி எழுதுவது ‘-ஐ’ சுவிட்ச். அதோடு .பேக் என்று ஒட்டினால் பழைய கோப்பு நகலாகத் தங்கும். அதே இடத்தில் 0777 ஒட்டிக்கொண்டால் வம்பு: பெர்ல் அதை நகலின் பெயருக்கான வால் என்று எடுத்துக்கொள்ளும், கோப்பை வரிவரியாகவே படிக்கும்.

★ பல ஜிபி பதிவுக் கோப்பை இப்படி முழுசாக நினைவகத்தில் ஏற்றினால் கணினி திணறும். வெற்று வரிகளால் பிரிந்த பத்திகள் என்றால் -00 போதும், பத்தி பத்தியாகப் படிக்கும். இன்னொரு வழி, தேடும் இரண்டு வடிவங்களுக்கு நடுவே இரண்டு புள்ளி: /<!--/ .. /-->/ என்று எழுதினால் தொடக்க வரி முதல் முடிவு வரி வரை ‘ஆம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். லேரி வால் 1987-ல் பெர்லை வெளியிட்டபோது செட், ஆக் ஆகிய பழைய யூனிக்ஸ் கருவிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட வித்தை இது. ஆனால் முழு வரிகளையே தூக்கும். --> குறிக்குப் பிறகு அதே வரியில் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.