"இங்கிலீஷ் வராது, அதனால புரோகிராமிங் வராது"

மன்னாரில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடம் எடுக்கும் பிள்ளைகளோடு பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்ட வசனம் இது. இப்படி நம்பும் பிள்ளை செய்நிரல்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறது, அல்லது பாடத்தையே விட்டுவிடுகிறது. இந்த "அதனால" பிழையானது என்றே நினைக்கிறேன்.

தமிழ்மொழி மூல மாணவர் ஒருவர் சாதாரண தரத்தில் பாஸ்கல் மொழியையும் உயர்தரத்தில் பைத்தனையும் படிக்கிறார். பாஸ்கல் 1970இல் நிக்லவுஸ் விர்த் கற்பித்தலை மனதில் வைத்தே உருவாக்கிய மொழி. 1991இல் வெளிவந்த பைத்தன் இன்று தொழில்துறையிலும் ஆய்வுகளிலும் பரவலாகப் பயன்படுகிறது. தெரிவுகளில் குறையில்லை. மாறி, போலிக்குறிமுறை, பாய்ச்சற்கோட்டுப்படம் என்று பாடநூல் தமிழில்தான் பேசுகிறது. ஆனால், திரையில் எழுதவேண்டிய கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிள்ளை பயப்படுவது அந்த இடத்தில்தான்.

அந்த ஆங்கிலம் எவ்வளவு? பைத்தனின் அண்மைய பதிப்புகளில் மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. பேசாலைப் பிள்ளைக்குத் தெரிந்த மீன் பெயர்கள் அதைவிடக் கூடவாக இருக்கும். கஷ்டம் சொற்களில் இல்லை, ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து யோசிப்பதில்தான் இருக்கிறது. அதை எந்த மொழியிலும் பழகலாம்.

ஓர் உதாரணம். மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. காற்று போதாவிட்டால் காற்றாலை மின் உற்பத்தி செய்யாது. போதிய காற்று வந்தால் சுழலும். புயற்காற்று அடித்தால் சேதமாகாமல் இருக்கத் தானே நிறுத்திக்கொள்ளும். எல்லைகளைச் செக்கனுக்கு 3 மீற்றர், 25 மீற்றர் என்று வைத்துக்கொண்டு கொப்பியில் இப்படி எழுதலாம்:

1. காற்றின் வேகத்தை வாசி.
2. வேகம் 3இலும் குறைவு எனில், நில்.
3. இல்லாவிடின், வேகம் 25இலும் அதிகம் எனில், நில்.
4. இல்லாவிடின், சுழல்.
5. சிறிது நேரம் கழித்து 1ஆம் படிக்குத் திரும்பு.

செய்நிரலாக்கத்தின் மூன்று அடிப்படைகளும் இதற்குள் இருக்கின்றன. படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தொடர். "எனில், இல்லாவிடின்" என்பது தேர்வு. முதல் படிக்குத் திரும்புவது மீள்செயல்.

இப்போது ஒரு பிள்ளை, "வேகம் 3 அல்லது அதற்கு மேல் எனில், சுழல்" என்பதை முதலிலும், "இல்லாவிடின், 25இலும் அதிகம் எனில், நில்" என்பதை அடுத்ததாகவும் எழுதுகிறது என்று வைப்போம். வாசித்தால் சரிபோலத்தான் இருக்கும். 2, 10, 30 ஆகிய மூன்று வேகங்களையும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2இல் "சுழல்" என்ற கட்டளை வராது, 10இல் சுழலும், 30இலும் சுழலும். முதல் நிபந்தனையே 30ஐப் பிடித்துக்கொள்வதால் புயலுக்கான வரிக்குக் கணினி போவதே இல்லை. நிபந்தனைகளின் ஒழுங்கு ஏன் முக்கியம் என்பதை இதன்பிறகு அந்தப் பிள்ளைக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரு கணினிக்குப் பலர் காத்திருக்கும் பாடசாலையிலும் இதைக் கரும்பலகையில் செய்யலாம்.

தமிழ் மாணவருக்கு உண்மையாகவே இடறும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "இஃப்" முன்னால் வந்து நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நிபந்தனை முன்னால், "எனில்" பின்னால். தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதுவதற்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி இதைக் கவனித்திருக்கிறது. அதில் நிபந்தனையை எழுதிய பிறகுதான் "ஆனால்" வரும். பைத்தனுக்குப் பதிலாக எழிலைப் படிப்பியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழில் எழுதிய படியையும் பைத்தன் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த இடமாற்றத்தைக் காட்டினால், குழப்பம் குறையும்.

பிறகு கட்டாயம் கணினிக்குப் போகவேண்டும். அங்கே ஆங்கிலத்தில் வரும் பிழைச்செய்தியைக் கண்டு பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். பைத்தனில் கடைசி வரியை முதலில் வாசிக்கப் பழக்கலாம், பிழையின் வகை அங்கே இருக்கும். "நேம் எரர்" என்றால் அந்தப் பெயரைக் கணினிக்குத் தெரியாது. பெரும்பாலும் எழுத்துப்பிழையாக இருக்கும். "சின்டாக்ஸ் எரர்" என்றால் எழுதிய முறை பிழை. "இன்டென்டேஷன் எரர்" என்றால் வரியின் தொடக்க இடைவெளி பிழை. இந்த மூன்றையும் தமிழ் விளக்கத்தோடு கணினி அறைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

கேட்டால் செயற்கை நுண்ணறிவே செய்நிரல் எழுதித்தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அது தருவதில் புயலுக்கான வரி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். கொழும்பில் வேலை எடுப்பதற்கு மட்டும் உதவும் அறிவும் அல்ல இது. 2025இல் காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழை, வெள்ளம், மீன்பாடு, மின் உற்பத்தி என்று எல்லாத் தரப்பும் பேசிய விடயங்களுக்குள் எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைத் தானே எடுத்து, வரிசைப்படுத்தி, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தத் தீவுக்கு வேண்டும். 35 ஆங்கிலச் சொற்களுக்குப் பயந்து அவர்கள் பாடத்தை விட்டுப் போகக்கூடாது.