மோட்டார் ஓட்டும் பரீட்சை: உறுப்பினர்கள் அறிய வேண்டியவை

பாவு நூலையும் நெய்த சேலையையும் கொண்டு செல்ல இருசக்கர வண்டியும், விளைபொருளை விற்பனைச் சங்கத்திற்குச் சேர்க்க டிராக்டரும் சிறு சரக்கு வண்டியும் இன்று நம் உறுப்பினர் இல்லங்களில் சாதாரணமாகிவிட்டன. ஆயின், வண்டி வந்த வேகத்தில் ஓட்டுநர் உரிமம் வந்து சேரவில்லை. “பத்து வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கெதற்குப் பரீட்சை?” என்று வினவுவோரைச் சங்கங்கள்தோறும் காண்கிறோம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். உரிமமின்றி ஓட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்கிறது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே தண்டனை உண்டு. விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த நஷ்டஈட்டை உரிமையாளரிடமிருந்தே திரும்பப் பெறவும் வழியிருக்கிறது. ஒரு குடும்பம் பல்லாண்டு சேர்த்த நிலமும் தறியும் ஒரே நாளில் கடனுக்குள் போவதற்கு இது போதும். சங்கத்தின் வண்டியை எவரிடமும் ஒப்படைக்குமுன் நிர்வாகக் குழுவினர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். டிராக்டரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. 7,500 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுடைய டிராக்டர் இலகுரக வாகன வகையைச் சேரும்.

உரிமம் பெற இரண்டு படிகள் உண்டு. முதற்படி பழகுநர் உரிமம். கியருள்ள வண்டிக்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகையைப் படிக்க இயலுமா என்று விண்ணப்பத்துடன் தரும் உடல்தகுதி உறுதிமொழி கேட்கிறது. தறிக்குழியில் பல்லாண்டு அமர்ந்து இழை பார்த்த கண்ணுடையோர் முன்னதாகவே கண் மருத்துவரைக் காண்பது நலம். பின்பு சாலை விதிகள், அடையாளங்கள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை பற்றிக் கேள்விகள் வரும். அவற்றில் 60 விழுக்காட்டிற்குச் சரியான விடையளித்தல் வேண்டும். இவ்வுரிமம் ஆறு மாதம் செல்லும். அக்காலத்தில் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் பொருத்தி, உரிமம் பெற்ற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கார் முதலியவற்றை ஓட்டிப் பழக வேண்டும்.

இரண்டாம் படி ஓட்டும் பரீட்சை. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே இதற்குச் செல்லலாம். எவ்வகை வண்டிக்கு உரிமம் கேட்கிறீர்களோ அவ்வகை வண்டியிலேயே பரீட்சை நடைபெறும். இருசக்கர வண்டிக்கு எட்டுப் போடுதல் வழக்கம். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டை விட்டு விலகாமல் சுற்றிவர வேண்டும். வேகம் குறைந்தால் வண்டி சாய்கிறது. மிகுந்தால் வளைவு அகன்றுவிடுகிறது. ஒரே சீரான மெதுவான வேகமும், சக்கரத்தைப் பாராமல் செல்லும் வழியைப் பார்க்கும் பார்வையும் இருந்தால் எட்டு எளிதில் வரும்.

நான்கு சக்கர வண்டியில் ஆய்வாளர் கவனிப்பவை பல. பின்புறம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்தீர்களா? எஞ்சினைக் கிளப்புமுன் கியர் நடுநிலையில் உள்ளதா என்று பார்த்தீர்களா? குலுங்காமல் புறப்பட்டு வரிசையாகக் கியர் மாற்றினீர்களா? திரும்புமுன் கண்ணாடியைப் பார்த்து, அதன் பிறகு சைகை காட்டினீர்களா? மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கின் துணையால் பின்னே உருளாமல் மீண்டும் கிளம்பினீர்களா? குறுகிய இடத்தில் பின்னோக்கிச் செலுத்தினீர்களா? பாதசாரிக்கு வழிவிட்டு, இடப்புறம் ஒட்டிச் சென்றீர்களா? விதிகள் குறிப்பிடும் அம்சங்களுள் இவை முக்கியமானவை.

அநுபவசாலிகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அவர்களுக்கு ஓட்டத் தெரியும்; கண்ணாடி பார்ப்பதும் சைகை காட்டுவதும் பழக்கத்தில் இல்லை. வயலிலும் ஊர்த் தெருவிலும் அவை தேவைப்படவில்லை. நெடுஞ்சாலையிலோ, பின்னால் வருபவனின் உயிர் அந்தச் சைகையில் இருக்கிறது. உங்களால் வண்டியைச் செலுத்த முடியுமா என்பது மட்டும் பரீட்சையின் கேள்வி அன்று. உங்களை நம்பிப் பிறர் சாலையில் வரலாமா என்பதும் கேள்வியாம். வருஷக் கடைசியில் அவசரமாக எழுதிய பேரேடு தணிக்கையில் நிற்பதில்லை. அதுபோல, பரீட்சைக்கு முதல்நாள் கற்ற பழக்கமும் ஆய்வாளர் முன் நிற்காது. அந்த 30 நாளும் தினந்தோறும் பழகுதல் வேண்டும்.

தவறினால் மனந்தளர வேண்டா. ஏழு நாள் கழித்துக் கட்டணம் செலுத்தி மீண்டும் செல்லலாம். மூன்று முறையும் தேறாதவர் 60 நாள் பொறுத்திருப்பதோடு, ஓட்டுநர் பள்ளியில் மறுபயிற்சியும் பெறல் வேண்டும். “பரீட்சையின்றியே வாங்கித் தருகிறேன்” என்று வருவோரை நாடாதீர்கள். அவர்கள் வாங்கித் தருவது அட்டையை மாத்திரமே; ஓட்டும் ஒழுங்கை அவர்களால் வாங்கித் தர இயலாது.

இன்னொரு நற்செய்தியும் உண்டு. இலகுரக வாகன உரிமம் உடையோர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே, ஒருமுறை முறையாகத் தேறிய உறுப்பினர் தம் குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் பயன்படுவார். ஒவ்வொரு சங்கமும் உரிமமில்லாத உறுப்பினர்களின் பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே தயாரித்து, அவர்களைப் பழகுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கச் செய்யுமாக.